சிப்பருக்குள் கை போகலாமா, பிளேடை எப்போது மாற்றுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. பழைய டிரெய்லர் சிப்பர், அதாவது வெட்டிய கிளைகளைச் சில்லாக்கும் இயந்திரம் ஒன்று, கைக்கு வந்திருக்கிறது, 6 அங்குலக் கிளை வரை எடுக்கும், டீசல் இன்ஜின், ஹைட்ராலிக் ரோலர் இழுத்துக் கொடுக்க, பிளேடு பொருத்திய உருளை (டிரம்) சுற்றி வெட்டுகிற வகை. ஹெல்மெட், கண்ணாடி, கையுறை இருந்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். சின்னக் குச்சிகள் ரோலருக்கு முன்னால் அடைத்துக்கொண்டால் இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கையால் தள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியாக, கிளை உள்ளே போகும்போது துள்ளுகிறது, சில்லுக்குப் பதில் நாரும் தூளுமாக வருகிறது, பிளேடை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்கிறீர்கள். பாதுகாப்பு தனி, பராமரிப்பு தனி என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. உங்கள் கை அந்த ஹாப்பர் (கிளையைப் போடும் வாய்) பக்கம் போகத் தோன்றுவதற்குக் காரணமே அநேகமாக அந்த மழுங்கிய பிளேடுதான்.

மரம் கழிக்கும் வேலையில் பல வருடமாகச் சிப்பரோடு இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களைப் பழக்கியும் விடுகிறேன். இன்ஜின் உள்வேலையும் மின்கோளாறும் என் துறை இல்லை, அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். உங்கள் இயந்திரத்தை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எந்த இயந்திரத்துக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நடுக்கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. வேகத்தைக் குறைத்தாலும் கூடாது, ரோலரை நிறுத்தினாலும் கூடாது, இன்ஜினை அணைத்த உடனேயும் கூடாது. காரணம் ரொம்ப எளிது. ரோலர் இழுக்கும் வேகம் பல இயந்திரங்களில் நிமிடத்துக்கு 30 மீட்டரை ஒட்டி இருக்கும். அதாவது வினாடிக்கு அரை மீட்டர். ஹாப்பர் வாயில் இருந்து ரோலருக்கு ஒரு மீட்டர் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. 'ஐயோ' என்று புரிந்துகொண்டு கை அசைய ஆரம்பிப்பதற்கே அதில் பாதி போய்விடும். அதுவும் யாரும் வேண்டுமென்றே ரோலரில் கையைக் கொடுப்பதில்லை. கிளையின் பக்கக் குச்சி ஒன்று சட்டைக் கையில் கொக்கி போட்டுக்கொள்ளும், அல்லது கையுறையின் அகலமான விளிம்பில் மாட்டும், அப்புறம் கிளையோடு சேர்ந்து ஆளும் போவார். அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரையிலான வேலையிட மரணக் கணக்கில் சிப்பரோடு வேலை செய்தவர்கள் 31 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இப்படி உள்ளே இழுக்கப்படுவது ஒரு வகை, இயந்திரத்தின் மூடியோ உடைந்த பாகமோ வந்து அடிப்பது இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

ரோலர் நின்றிருக்கும்போது ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவது இந்த இடம்தான். ரோலர் இழுக்கும் பல சிப்பர்களில் இன்ஜின் சுமையைக் கவனிக்கிற ஒரு ஏற்பாடு இருக்கும். தடிமனான கட்டை போய் டிரம் வேகம் இறங்கினால் அது ரோலரைத் தானாக நிறுத்தும், சிலவற்றில் கொஞ்சம் பின்னோக்கியும் சுற்றவிடும். டிரம் மறுபடி முழு வேகத்துக்கு வந்ததும், யாரும் எதையும் தொடாமலேயே, ரோலர் திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். வெளியில் நிற்பவருக்கு என்ன தெரியும்? கிளை பாதியில் நிற்கிறது, ரோலர் அசையவில்லை, பக்கத்தில் ஒரு குச்சி குறுக்காகச் சிக்கியிருக்கிறது. இன்ஜின் சத்தம் மெதுவாக ஏறுவது மட்டும் கேட்கும். 'அடைத்துவிட்டது' என்று நினைத்து அந்தக் குச்சியை எடுக்கக் கையை நீட்டுகிற அதே நேரத்தில்தான் ரோலர் பல் மறுபடி கடிக்கும். உங்கள் இயந்திரத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்பது கையேட்டைப் பார்த்தால் தெரியும். இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பழகுங்கள்.

சரி, கையை வைக்காமல் எப்படித் தீனி போடுவது? வெட்டுப்பட்ட தடித்த முனை முதலில் போக வேண்டும், இலை நுனி கடைசியில். ஹாப்பருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், நிறுத்து பட்டை (தட்டினால் ரோலரை நிறுத்தும் கம்பி) கைக்கு எட்டும் பக்கம் நில்லுங்கள். ரோலர் பிடித்ததும் கையை விட்டுவிட்டு உடம்பைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும், கிளை சரியாகப் போகிறதா என்று பக்கத்தில் நின்று ரசிக்க வேண்டாம். கவட்டைக் கிளை வளைந்த கிளையெல்லாம் ரோலர் பிடித்ததும் சட்டென்று சுழலும், அடிபடுவது பெரும்பாலும் முகமும் விலா எலும்பும்தான். கவட்டையை முன்னாலேயே ஒரு அறுப்பு அறுத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. குட்டையான துண்டுகளைத் தனியாகப் போடாதீர்கள், அவை ரோலருக்கு எட்டாமல் ஹாப்பர் தரையில் கிடக்கும், அப்புறம் தள்ளத் தோன்றும். நீளமான கிளை ஒன்றின் மேல் வைத்து அதோடு அனுப்புங்கள், இல்லை நீளமான மரக்கொம்பால் தள்ளுங்கள். அந்தக் கொம்பு உள்ளே போனாலும் நஷ்டமில்லை, இரும்புக் கம்பியோ மண்வாரியோ போனால் பிளேடும் போச்சு, துண்டு பறந்து யாரையாவது பதமும் பார்க்கும். காலால் உதைத்துத் தள்ளுவது பற்றிப் பேசவே வேண்டாம், அதைச் செய்கிற ஆளை நான் அன்றைக்கே சிப்பர் பக்கம் விடமாட்டேன்.

தரையில் கூட்டி அள்ளிய குப்பையை ஹாப்பரில் கொட்டுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதில் கல்லும் மண்ணும் இருக்கும், ஒரு நாள் முழுக்க ஓட வேண்டிய பிளேடு ஒரு கூடைக் குப்பையில் மழுங்கிவிடும். வேரோடு பிடுங்கிய செடியும் அப்படித்தான். பழைய வேலி மரங்களில் ஆணியும் கம்பியும் மரத்துக்குள்ளேயே வளர்ந்து மூடியிருக்கும், பட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நார் அதிகம் உள்ள ஓலைகளும் கொடிகளும் டிரம், ரோலர் தண்டில் சுற்றிக்கொள்ளும், தடித்த கிளைகளுக்கு நடுவே கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லாமல் போகும். அரளி போன்ற நச்சுச் செடியின் சில்லைக் கால்நடைக்குப் படுக்கையாகப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கயிறு. மரத்தில் ஆள் ஏறியிருக்கும்போது அவருடைய கயிறோ, கிளை இறக்கும் கயிறோ தரையில் கிடக்கும் கிளைக் குவியலுக்குள் மறைந்திருக்கும். அந்தக் கிளையோடு கயிறும் டிரம்முக்குள் போனால் மேலே இருப்பவரை அது இழுத்துக்கொண்டு போகும். இப்படி உயிர் போனது உண்டு. அதனால் ஏறுகிற மரத்தடியும் சிப்பரும் தள்ளித்தான் இருக்க வேண்டும், இழுத்து வரும் ஒவ்வொரு கிளையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டே போட வேண்டும். உங்கள் சிப்பரில் வின்ச் (கட்டையைக் கம்பி கட்டி இழுக்கும் சுருள்) இருந்தால் அதன் கம்பியும் அதே ஆபத்துதான், ரோலரை ஓடவிடுவதற்கு முன் முழுக்கச் சுற்றி அதன் இடத்தில் பூட்டிவைக்க வேண்டும்.

இனி உடுப்பு. ஹெல்மெட்டும் முகத்திரையும் காதுக் கவசமும் வேண்டும், சந்தேகமே இல்லை. கிளை அரைபடும்போது இயக்குபவர் நிற்கும் இடத்தில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்கிற கணக்குப்படி பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஆனால் நீங்கள் கேட்ட 'போதுமா' என்பதற்குப் பதில், எதைப் போடுகிறீர்கள் என்பதைவிட எதைக் கழற்றி வைக்கிறீர்கள் என்பதுதான் இங்கே பெரிது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துண்டு, இயர்போன் வயர், தொளதொள சட்டை, விரித்த முடி, மோதிரம், இடுப்பில் மாட்டிய ஏறும் பட்டை, எல்லாம் போக வேண்டும். கையுறை விஷயத்தில் வேலை தெரிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மாட்டி இழுத்துவிடும், வெறுங்கைதான் நல்லது என்பவர்களும் இருக்கிறார்கள். என் முடிவு, மணிக்கட்டில் இறுக்கமாக மூடும் மெல்லிய கையுறை சரி, முழங்கை வரை விரிந்து வரும் வெல்டிங் கையுறை மாதிரியானது கூடவே கூடாது. இதில் நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுத்து பட்டை, அதாவது ஹாப்பரைச் சுற்றி இருக்கும் முன்-நிறுத்து-பின் கம்பி, தினமும் முதல் கிளைக்கு முன்னால் சோதிக்கப்பட வேண்டும். ரோலரை ஓடவிட்டுப் பட்டையைத் தட்டுங்கள், ரோலர் அந்த நொடியே நிற்க வேண்டும். மெதுவாக நின்றாலோ, பட்டையை ஓங்கித் தள்ள வேண்டியிருந்தாலோ அன்று வேலை இல்லை. அது ரோலரை மட்டும்தான் நிறுத்தும், டிரம்மை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். தனியாக வேலை செய்யாதீர்கள். இன்னொருவர் பட்டைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காதுக் கவசத்தோடு கத்தினால் கேட்காது என்பதால் கைச்சைகை இரண்டு மூன்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, டிரெய்லரின் தாங்குகாலை இறக்கி, சில்லு பறக்கும் குழாயைச் சாலைக்கும் ஆளுக்கும் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். வண்டியோடு மாட்டி இழுத்துப் போகும்போது கொக்கிப் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி, விளக்கு, டயர் காற்று, சக்கர நட்டு இவற்றைப் பாருங்கள், இதெல்லாம் எந்த டிரெய்லருக்கும் உள்ளதுதான்.

இப்போது அந்த இரண்டாவது வகை ஆபத்து. இன்ஜினை அணைத்தபின் டிரம் தன் எடையாலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சில நொடி இல்லை, சில நிமிடம்கூட ஆகலாம். கனமான டிரம், நல்ல பேரிங் என்றால் அது சத்தமில்லாமல் சுற்றும், இன்ஜின் அமைதியாகிவிட்டதால் எல்லாம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அந்த நிலையில் டிரம் மூடியின் பூட்டு பின்னை உருவித் திறந்தால் சுற்றும் பிளேடு மூடியில் மோதும், மூடி பிய்ந்து வந்து தலையில் அடிக்கும். பூட்டு பின் போடாமல், அல்லது அந்தப் பின்னுக்குப் பதில் ஏதோ போல்ட்டைச் செருகி ஓட்டினாலும் இதேதான் நடக்கலாம். சில இயந்திரங்களில் மூடியைத் திறந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் இருக்கும், அது டிரம்மைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே வரிசை இதுதான்: இன்ஜின் அணை, சாவியை உருவி உங்கள் சட்டைப் பையில் போடு, டிரம் நின்றதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய், பேட்டரி இணைப்பைக் கழற்று, மூடியைத் திற, உடனே டிரம் பூட்டும் கம்பியைச் செருகு. டிரம் பெல்ட்டோ தண்டின் முனையோ வெளியே தெரியும் இடம் பெரும்பாலும் இருக்கும், நின்றதா என்று அங்கே பாருங்கள். வெளியேறும் குழாயில் ஈர இலை அடைத்துக்கொண்டால்கூட இதே வரிசைதான், குழாய்க்குள் கையை விடும் அவசரத்துக்கு விதிவிலக்கு கிடையாது.

பிளேடுக்கு வருவோம். மணிக்கணக்கு ஒன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். பச்சை மென்மரத்தை வெட்டுகிறவருக்கும் காய்ந்த வன்மரத்தை வெட்டுகிறவருக்கும் ஒரே கணக்கு வராது, மண் கலந்தால் எந்தக் கணக்கும் வராது. தினமும் வேலை தொடங்குமுன் பார்ப்பது ஒன்றுதான் வழி. பார்க்காமலேயே சில்லு சொல்லிவிடும். கூரான பிளேடில் இருந்து வரும் சில்லை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள், ஓரம் நறுக்கென்று வெட்டுப்பட்டு, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மழுங்கியதில் இருந்து வருவது ஓரம் பிய்ந்து நாராகத் தொங்கும், நடுவே மாவு மாதிரித் தூள் இருக்கும். கூடவே கிளை வெட்டுப்படாமல் அடிபடுவதால் துள்ளும், ரோலர் பிடித்தும் தயங்கும், இன்ஜின் திணறும், பெல்ட் காய்ந்த வாடை வரும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அப்படியே இவை. இந்தத் தயக்கத்தால்தான் குச்சிகள் வாயிலேயே தேங்குகின்றன, தேங்குவதால்தான் உங்களுக்குக் கையால் தள்ளத் தோன்றுகிறது. பிளேடை மாற்றியபின்னும் துள்ளினால், டிரம்முக்கு எதிரே அசையாமல் இருக்கும் எதிர்ப்பிளேடின் விளிம்பு உருண்டுவிட்டதா, இடைவெளி கூடிவிட்டதா என்று பாருங்கள். அந்த இடைவெளி சிறியது, பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆனால் உங்கள் இயந்திரத்துக்கான எண்ணைக் கையேட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். ரோலர் மேலேறி இறங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் துள்ளும், அதைப் பார்க்க ரோலரைத் தூக்கினால் பூட்டு பின் போடாமல் கீழே கை வைக்காதீர்கள்.

மாற்றும்போது தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு வேலைக்கு அது சரி. இன்ஜின் நின்றிருந்தாலும் கையால் டிரம்மைத் திருப்பும்போது பிளேடுக்கும் எதிர்ப்பிளேடுக்கும் நடுவே விரல் போனால் துண்டாகிவிடும், அதனால் மரக்கட்டையால் நெம்பித் திருப்புங்கள். ஸ்பேனர் வழுக்கினால் கை எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துவிட்டு இழுங்கள், கூர்முனைக்கு எதிர்ப்பக்கமாக. பிளேடு உட்காரும் இடத்தில் பிசினும் தூளும் கெட்டிப்பட்டிருக்கும், சுரண்டித் துடைக்காமல் புதுப் பிளேடை வைத்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், போல்ட்டு இறுகினாற்போல் இருந்துவிட்டு ஓடும்போது தளரும். பிளேடுகளை ஜோடியாக, முழு செட்டாகத்தான் மாற்றவோ சாணை பிடிக்கவோ வேண்டும், ஒன்று எடை கூடினாலும் டிரம் அதிரும், அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உறுதி போய்விட்டது. கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே தேய்ந்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள். போல்ட்டு நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், கண்ட போல்ட்டும் வேண்டாம், இம்பாக்ட் கன்னால் கடைசி இறுக்கமும் வேண்டாம். அப்புறம் டிரம்மை ஒரு முழுச் சுற்று கட்டையால் திருப்பி எதிலும் உரசவில்லை என்று கேட்டுவிட்டு, மூடியைப் பூட்டி, ஓரமாக நின்று வெறும் டிரம்மாகக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். சிறிது நேரம் கிளை போட்டபின் மறுபடி நிறுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

மற்ற பராமரிப்பு பெரிய வித்தையில்லை. ரேடியேட்டர் வலையும் ஏர் ஃபில்டரும் மரத்தூளால் அடைபடும், இந்த இன்ஜின்கள் சூடாவதற்கு முதல் காரணம் அதுதான், தூள் அதிகமுள்ள நாளில் நடுவிலும் ஊதிவிடுங்கள். சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த தூள் தீப்பிடிக்கும், தீயணைப்பான் ஒன்று இயந்திரத்திலேயே இருக்கட்டும். டீசல் ஊற்றுவது இன்ஜின் ஆறியபின். பேரிங்குக்கு கிரீஸ் கையேட்டு அளவுப்படி, அள்ளித் திணித்தால் சீல் பிதுங்கிவிடும். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் பீறும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இழையாக வந்து தோலைத் துளைத்துவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்கவும் வலிக்காது, ஆனால் அது உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விரல் போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கறை படிந்தால் கசிவு.

பழைய இயந்திரம் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஓட்டுவதற்கு முன் ஹாப்பரை அளந்து, அந்த மாடலின் கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். கிளை போட வசதியாக இருக்கட்டும் என்று முன்பக்கத் தகட்டை வெட்டிக் குட்டையாக்கிவிட்டு விற்பவர்கள் உண்டு, நிறுத்து பட்டை அடிக்கடி தட்டுப்படுகிறது என்று கம்பி கட்டி வைப்பவர்களும் உண்டு. ஹாப்பர் நீளம் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, உங்கள் கைக்கும் ரோலருக்கும் நடுவே உள்ள தூரமே அதுதான். இழுக்கும் ரோலர் இல்லாத சிப்பர்களுக்கு மரம் கழிக்கும் வேலைக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் இந்த நீளத்தை 85 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றே வைத்திருக்கிறது. உங்களுடையது வெட்டப்பட்டிருந்தால் தயாரிப்பாளரின் அளவுக்கே புது ஹாப்பர் வாங்கி மாட்டுங்கள், பட்டையின் கம்பியை அவிழ்த்து சுவிட்சைச் சரிசெய்யுங்கள், பிளேடு செலவு அதற்கு அடுத்தது. அதுவரை கிளைகளை ஓரமாக அடுக்கி வைத்தால் போதும், காய்ந்தால் வெட்டக் கொஞ்சம் கடினமாகும், அவ்வளவுதான்.